மெதுவோட்டம் மட்டுமா, நடுவில் வேக ஓட்டமுமா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துத் திடல்களில் 800 மீட்டர் ஓடும் பெண்பிள்ளைகளுக்கு, பந்தயத்துக்கு முன் உடலைச் சூடாக்கிக்கொள்ள இரண்டு வழி உண்டு. செம்பனை ஓரமாக மெதுவாகச் சில சுற்று ஓடி, கை காலை நீட்டிவிட்டுக் கோட்டில் போய் நிற்பது ஒன்று. அதோடு மூச்சு வாங்கும் அளவுக்கு வேக ஓட்டங்களையும் சேர்ப்பது இன்னொன்று.

மெதுவோட்டம் தசையைச் சூடாக்கும். சூடான தசையில் ரத்தம் ஆக்சிஜனை எளிதில் இறக்கிவிடும். சரி, அது போதுமா? ஓடத் தொடங்கியதும் ஆக்சிஜன் பயன்பாடு சட்டென்று உச்சத்துக்குப் போகாது, நேரம் பிடிக்கும். அதுவரை தசை தன் ஆற்றல் கையிருப்பைக் கரைத்தும், லாக்டேட் (கடுமையாக உழைக்கும் தசையில் உருவாகும் பொருள்) சேர்த்தும்தான் சமாளிக்கிறது. பந்தயம் முடிவதே 2, 3 நிமிடத்தில்! முன்பே ஒருமுறை வேகமாக ஓடிய தசை, அடுத்த ஓட்டத்தின் தொடக்கத்திலேயே கூடுதல் ஆக்சிஜனை இழுக்கும். மெதுவோட்டத்தில் இந்தப் பலன் சொற்பம். ஆனால் ஓடிய கையோடு பந்தயத்தில் இறங்கினால் களைப்புதான் மிஞ்சும். 10 நிமிடமாவது ஆறவேண்டும்.

மதிய வெயிலில் 5000 மீட்டர் என்றால் உடல் ஓட ஓடச் சூடேறிக்கொண்டே போகும்; அங்கே என் ஓட்டு மெதுவோட்டத்துக்கே, அதுவும் சுருக்கமாக. அப்புறம், கருமுட்டை வெளியான பிறகு அடுத்த மாதவிடாய் வரை பெண்களின் உடல் வெப்பம் சுமார் 0.3 முதல் 0.5 டிகிரி கூடுதலாக இருக்கும். எல்லோருக்கும் ஒரே விசில் ஊதும் கோச்சுகள், அன்று யாருக்கு நிழல் தேவை என்று கேட்டுவிட்டு ஊதலாம்.