பிளான்ட்நெட் செயலி: கரை ஒதுங்கிய காய்க்குப் பெயர் சொல்லுமா?

மரத்தடியில் விழுந்து கிடக்கும் காய்க்கு ஓரளவு சொல்லும். அலை கொண்டுவந்து போட்ட காய் என்றால் அது சொல்வதை அப்படியே நம்பக் கூடாது. மண்டபம், தனுஷ்கோடி பக்கம் காய் பொறுக்குகிறவர்கள், படத்தைப் பார்த்துச் செடி, மரங்களின் பெயர் சொல்லும் இந்த இலவசச் செயலியை இறக்குமுன் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

படத்தை ஏற்றும்போது இலையா, பூவா, காயா, பட்டையா என்று குறிக்க வேண்டும். காய் ஒன்றை மட்டும் கொடுத்தால் பல பெயர்கள் குறைந்த சதவீதத்தோடு வந்து நிற்கும். அதே மரத்தின் இலையைக் காம்போடும், பட்டையைக் கிட்டத்திலும் எடுத்துச் சேர்த்தால் பட்டியல் சுருங்கும். உச்சி வெயிலில் வெள்ளை மணல்மேல் வைத்து எடுத்தால் படத்தில் காய் கறுத்துத்தான் விழும். மணலைத் தட்டிவிட்டு நிழலில் எடுங்கள். அளவுக்கு நாணயம் வைத்த படம் தனியாக இருக்கட்டும், அது விவரம் தெரிந்த ஆளிடம் காட்ட. சிக்னல் இல்லாவிட்டால் படத்தை வைத்திருந்து பிறகு கேலரியிலிருந்து ஏற்றலாம்.

இந்தப் பக்கம் வெளியூர்க்காரர்களைத் திகைக்க வைப்பது பப்பரப்புளி, அதாவது பாவோபாப் மரத்தின் காய். சுரைக்காய் மாதிரி நீண்ட காம்பில் தொங்கும். ஓடு கெட்டி, மேலே பழுப்பும் சாம்பலுமாகப் பட்டு ரோமம். உடைத்தால் வெள்ளை மாவாக உதிரும் புளிப்புச் சதை, நடுவே சிவந்த நார், பழுப்பு விதை. வறண்ட மாதங்களில் மரம் மொட்டையாக நிற்பதால் இலைப் படம் கிடைக்காது. அப்போது பருத்த அடிமரத்தையும் காயையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

உண்மையான ஆபத்து வேறிடத்தில். தின்னக்கூடிய வாதாங்கொட்டையும் விஷமுள்ள காட்டரளிக் காயும் உப்புநீரில் ஊறித் தோல் போன பிறகு இரண்டுமே நார்க் கட்டைதான். படத்தை வைத்துப் பிரிக்க மனிதக் கண்ணே திணறும்; செயலியைக் குறை சொல்லிப் பயனில்லை. வாதாங்கொட்டை பக்கவாட்டில் விளிம்பு கட்டி, நுனி கூராக இருக்கும். குறுக்கே வெட்டினால் பருப்பின் மடல்கள் பாயைச் சுருட்டி வைத்ததுபோல் தெரியும். காட்டரளியில் அந்தச் சுருள் கிடையாது. புதிய காயாக இருந்தால் வெட்டிய வெள்ளைப் பருப்பு காற்றுப் பட்டதும் ஊதா நிறமாகி, பிறகு கறுக்கும். மரம் பக்கத்தில் இருந்தால் இலையைக் கிள்ளிப் பாருங்கள், பால் வடியும். காட்டரளிப் பருப்பில் உள்ள செர்பெரின் என்ற நஞ்சு இதயத் துடிப்பையே நிறுத்திவிடும். கடலில் பழையதாகிப் போன கொட்டையில் இந்த நிறமாற்றத்தை எதிர்பார்க்க முடியாது. அதனால் சந்தேகமுள்ளதை நாக்கில் வைத்துக்கூடப் பார்க்க வேண்டாம், செயலி 90 சதவீதம் காட்டினாலும் சரி.

காரங்காடு அலையாத்திக் காட்டில் படத்துக்காகக் கிளை ஒடிப்பதும் வேண்டாம். மூன்று பிளவாக, மிளகைவிடச் சற்றுப் பெரிதாகக் காய்க்கும் தில்லை மரம் அங்கே கலந்திருக்கும். அதன் பால் கண்ணில் தெறித்தால் பார்வைக்கே கேடு.

செயலிக்கு ஐந்துக்கு மூன்று மதிப்பெண் கொடுக்கலாம். இலைக்கு நான்கு, ஒற்றைக் காய்க்கு இரண்டு. பிள்ளைகள் எதையாவது கடித்துவிட்டால் செயலியைத் திறந்துகொண்டிருக்காமல் 108-ஐ அழைத்து, கடித்த மிச்சத்தையும் ஒரு பையில் போட்டு மருத்துவமனைக்குக் கையோடு கொண்டுபோங்கள்.