ப்ராமா, ஹோம்கமிங்கா?

அமெரிக்கப் பள்ளிகளில் ப்ராம், ஹோம்கமிங் என இரு நடன விழாக்கள் உண்டு. அவற்றைத் தமிழில் எழுதும்போது எந்தச் சொல்லைப் போடுவது என்று தடுமாறுவோருக்காக இது.

வேர்: ப்ராம், ‘ப்ராமனேட்’ என்பதன் குறுக்கம், உலாவுதல் எனப் பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லின் வழி வந்தது. விருந்தினர் அணிவகுத்து உலா வந்த பழைய வழக்கம் அதில் உறைந்திருப்பது எத்தனை அழகு! லண்டனில் இதே சொல், 1895இல் தொடங்கிய இசைக் கச்சேரிகளைக் குறிக்கும், கவனம் தேவை.
ஹோம்கமிங், முன்னாள் மாணவர்கள் பள்ளிக்குத் திரும்பி வருவது.

காலம்: ப்ராம் வசந்தத்தில், கல்வியாண்டின் இறுதியில். ஹோம்கமிங் இலையுதிர் காலத்தில், அமெரிக்கக் கால்பந்துப் போட்டியை ஒட்டி.

உடை: ப்ராமுக்கு நீண்ட கவுன், டக்சீடோ எனும் ஆண்களின் விருந்துக் கோட்டு, ஹோம்கமிங்குக்குச் சற்று எளிமை.

பள்ளியை விட்டுப் பிரியும் இரவென்றால் ப்ராம். ஆட்டமும் பழைய மாணவர்களும் சேர்ந்த வாரமென்றால் ஹோம்கமிங்.