மயிலாடுதுறையா, நீடாமங்கலமா? மாடி அறையில் ஒரு பெரிய ஸ்டேஷன் கட்டும்முன்

கும்பகோணத்தில் எங்கள் வீட்டு மாடி அறை 20 அடிக்கு 11 அடி. அதற்குள் ஒரு பெரிய ரயில்வே ஸ்டேஷனை மாடலாகக் கட்ட வேண்டும் என்று இறங்கி, ஒருமுறை கட்டிப் பிரித்து, மறுபடியும் கட்டி, இப்போது மூன்றாவது வருடமாக ஓட்டிக்கொண்டிருக்கிறோம். நாங்கள் என்றால் நான், வயரிங் வேலை தெரிந்த என் மச்சான், ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வுபெற்ற மாமா. முதலில் மயிலாடுதுறை, பிறகு நீடாமங்கலம் என்று இரண்டு வழியிலும் கை வைத்துப் பார்த்துவிட்டதால், எது எதற்குச் சரிப்படும் என்று எழுதுகிறேன்.

முதல் கேள்வி ஸ்கேல், அதாவது நிஜத்தை எவ்வளவு சுருக்குவது என்பது. எச்.ஓ. என்றால் நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு, தண்டவாள இடைவெளி 16.5 மி.மீ. என்-ஸ்கேல் என்றால் 160-ல் ஒரு பங்கு, இடைவெளி 9 மி.மீ. பெரிய ஸ்டேஷன் கட்டப்போகிறவர் முதலில் போட வேண்டிய கணக்கு வண்டியின் நீளம்தான். பழைய நீலப் பெட்டி, அதாவது ஐ.சி.எஃப். பெட்டி, பஃபரோடு சேர்த்து ஏறக்குறைய 22.3 மீட்டர். 24 பெட்டி கோத்தால் 535 மீட்டர். எச்.ஓ.வில் அது 6.15 மீட்டர், அதாவது 20 அடி. எங்கள் அறை முழுவதும் ஒரே வண்டி நின்றுவிடும், என்ஜினுக்கு இடமில்லை. என்-ஸ்கேலில் அதே வண்டி 11 அடிக்குள் அடங்கும், இரண்டு பக்கமும் பாயிண்ட், அதாவது ஒரு லைனிலிருந்து இன்னொரு லைனுக்கு மாற்றும் தண்டவாளம், போட இடம் மிஞ்சும்.

இந்தக் கணக்கைப் பார்த்ததும் மனசு என்-ஸ்கேல் பக்கம்தான் போனது. அதனால் முதலில் என்-ஸ்கேலில் மயிலாடுதுறை ஜங்ஷனைக் கட்டினோம். விழுப்புரம், தஞ்சாவூர், திருவாரூர் என்று மூன்று பக்கமும் லைன் பிரிகிற இடம். தரங்கம்பாடிக்கும் ஒரு லைன் போய்க்கொண்டிருந்தது, 1986-ல் மூடினார்கள். வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த ஸ்டேஷன் என்பதால் ஆசை அதிகம். கட்டி முடித்து, 24 பெட்டி வண்டி வளைந்து உள்ளே வந்து நடைமேடை நெடுக நின்றதைப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. எச்.ஓ.வில் அந்தக் காட்சி எங்கள் அறைக்கு எந்தக் காலத்திலும் கிடைக்காது.

ஆனால் மாமா அரைமணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "வருது, நிக்குது, போவுது. நல்லாத்தான் இருக்கு மாப்ளே. ஆனா ஸ்டேஷனுக்கு இதுல என்ன வேலை?"

அந்தக் கேள்விதான் எல்லாவற்றையும் மாற்றியது. பெரிய ஸ்டேஷன் என்று நான் நினைத்தது நடைமேடை எண்ணிக்கையை. மாமா பெரியது என்று சொல்வது, ஒரு ஷிஃப்ட்டில் அங்கே கழட்டுவது, கோப்பது, ஒதுக்குவது, காக்க வைப்பது என்று எவ்வளவு வேலை இருக்கிறது என்பதை. அப்படிப் பார்த்தால் எங்களுக்குப் பக்கத்திலேயே நீடாமங்கலம் இருக்கிறது. தஞ்சாவூர்–திருவாரூர் லைனில் சின்ன ஊர். மன்னார்குடிக்கு அங்கிருந்து கிளை பிரிகிறது, 2011-ல் அந்தக் கிளை திரும்ப ஓட ஆரம்பித்தது. மெயின் லைனின் இரண்டு பக்கத்தில் ஒரு பக்கத்திலிருந்து வந்து கிளைக்குள் நுழையும் வண்டிக்கு என்ஜினைக் கழட்டி மறு முனையில் மாட்டியாக வேண்டும். சரக்குப் பக்கம் கேட்கவே வேண்டாம், அறுவடை முடிந்தால் நெல் மூட்டை ஏற்ற மூடிய வேகன்கள் வந்து நிற்கும். ரோட்டில் லெவல் கிராசிங். கேட் மூடினால் தஞ்சாவூர் பஸ்ஸும் நாகப்பட்டினம் பஸ்ஸும் வரிசை கட்டி நிற்பதைப் பார்க்காத டெல்டாக்காரர் கிடையாது.

ஆக, நீளமான வண்டி ஓடுவதை உட்கார்ந்து பார்க்க ஆசையென்றால் என்-ஸ்கேலும் மயிலாடுதுறை மாதிரிப் பெரிய ஜங்ஷனும். மூன்று பேர் சேர்ந்து ஸ்டேஷன் நடத்த ஆசையென்றால் எச்.ஓ.வும் நீடாமங்கலம் மாதிரி வேலை நிறைந்த ஸ்டேஷனும். நான் இரண்டாவது பக்கம் சாய்ந்துவிட்டேன். எச்.ஓ.வில் ஏழு பெட்டியும் ஒரு டீசல் என்ஜினும் சேர்ந்து 2 மீட்டர்தான். நிஜ வண்டியில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் ஷண்டிங், அதாவது பெட்டிகளைக் கழட்டிக் கோத்து இடம் மாற்றுகிற வேலை, நடக்கும்போது யாரும் பெட்டியை எண்ணுவதில்லை. நிஜத்தில் பி.சி.என். என்கிற மூடிய வேகன் 42 கோத்து வரும் நெல் வண்டிக்கு நாங்கள் எட்டு வேகன் வைத்திருக்கிறோம், அதைப் பிரித்து ஏற்றுமிடத்தில் தள்ளவே இருபது நிமிடம் ஆகிறது. இன்னொன்று கை. மாமாவுக்கு 68 வயது, என்-ஸ்கேல் கொக்கியை அவரால் பிரிக்க முடியாது. எச்.ஓ.வில் ஒரு குச்சியை நடுவில் விட்டுத் திருப்பினால் போதும். இதே காரணத்துக்காக மேலே மின்கம்பி வருவதற்கு முந்தைய டீசல் காலத்தையே எடுத்துக்கொண்டோம். கம்பி இருந்தால் கையை உள்ளே விடவே முடியாது.

ஒரு குறை இரண்டு ஸ்கேலுக்கும் பொது, நம் ஊர்க் கண்ணுக்கு அது உறுத்தும். 16.5 மி.மீ. என்பது 1,435 மி.மீ. கொண்ட ஐரோப்பிய அளவுக்குச் செய்தது. நம் பிராட்கேஜ் 1,676 மி.மீ., அதை 87-ஆல் வகுத்தால் 19.3 மி.மீ. வரவேண்டும். அதனால் பெட்டிக்குக் கீழே தண்டவாளம் ஒடுங்கித் தெரியும். மீட்டர்கேஜ் காலத்தைக் கட்டுகிறவருக்கு இந்தக் கஷ்டம் இல்லை, 1,000 மி.மீ.க்கு 11.5 வரவேண்டும், கடையில் 12 மி.மீ. தண்டவாளம் கிடைக்கிறது. ஒய்.பி. நீராவி என்ஜின், ஒய்.டி.எம்.-4 டீசல் என்று அந்தக் காலத்தின் அழகே தனி. ஆனால் என்ஜினிலிருந்து பெட்டி வரை எல்லாவற்றையும் கையால் செய்யவேண்டி வரும். செய்கிற பொறுமை இருக்கிறவர்கள் மீட்டர்கேஜே கட்டுங்கள். எங்களுக்கு ஓட்டுவதில்தான் ஆசை அதிகம், அதனால் ஒடுங்கிய பிராட்கேஜைப் பொறுத்துக்கொண்டோம்.

அடுத்தது என்ஜின்களுக்கு மின்சாரம் கொடுத்து ஓட்டுகிற முறை: சாதாரண டி.சி.யா, ஒவ்வொரு என்ஜினுக்கும் தனிக் கட்டளை அனுப்பும் டிஜிட்டல் முறையான டி.சி.சி.யா என்பது. இதில் நான் யோசிக்கவே மாட்டேன், ஆனால் காரணத்தைச் சொல்ல வேண்டும். டி.சி.யில் தண்டவாளத்துக்கு 12 வோல்ட் வரை விடுவோம், அந்தத் தண்டவாளத்தில் நிற்கிற எல்லா என்ஜினும் ஓடும். ஒன்றை நிறுத்தி ஒன்றை ஓட்ட, தண்டவாளத்தைத் துண்டு துண்டாக வெட்டி ஒவ்வொன்றுக்கும் ஒரு சுவிட்ச் வைக்க வேண்டும். வட்டமாக ஓடுகிற லைனுக்கு இது பெரிய விஷயமில்லை. என்ஜின் மாற்றுகிற ஸ்டேஷனுக்கு ஒவ்வொரு நடைமேடை லைனிலும் இரண்டு முனையிலும் தனித்துண்டு வேண்டும். நாங்கள் காகிதத்தில் போட்டபோது 14 துண்டு வந்தது. ஒரே நேரத்தில் இரண்டு பேர் ஓட்டினால் யார் சுவிட்ச் யாருடையது என்பதிலேயே பொழுது போய்விடும்.

டி.சி.சி.யில் தண்டவாளத்தில் எப்போதும் ஒரே மின்சாரம். ஒவ்வொரு என்ஜினுக்குள்ளும் கட்டளையைப் புரிந்துகொள்ளும் ஒரு சின்ன டிகோடர், அதற்கென்று ஓர் எண், கட்டளை அந்த எண்ணுக்கு மட்டும் போகும். ஒரே லைனில் நிற்கும் இரண்டு என்ஜினில் ஒன்று மட்டும் நகர்ந்து போய் மறு முனையில் கொக்கியில் மாட்டும். மச்சான் ஆர்டுயினோ மெகா என்கிற சின்னக் கணினி போர்டில் மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்கும் ஷீல்டு மாட்டி, இலவசமாகக் கிடைக்கிற டி.சி.சி.-இ.எக்ஸ். மென்பொருளை ஏற்றி, பழைய செல்போனையே கன்ட்ரோலராக ஆக்கிவிட்டான். வெளிநாட்டுப் பெட்டி வாங்குகிற செலவு மிச்சம்.

ஆனால் டி.சி.சி. என்றால் இரண்டே வயர் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பலகைக்கு அடியில் 2.5 சதுர மி.மீ. வீட்டு வயரை நீளவாக்கில் ஓட்டி, மீட்டருக்கு ஒரு இடத்தில் அதிலிருந்து தண்டவாளத்துக்கு சால்டர் செய்ய வேண்டும். முடித்தபிறகு ஐந்து ரூபாய் நாணயத்தை எடுத்து ஒவ்வொரு லைன் கடைசியிலும் இரண்டு தண்டவாளத்துக்கும் குறுக்கே வையுங்கள். உடனே மின்சாரம் கட் ஆக வேண்டும். ஆகவில்லை என்றால் அந்த இடத்துக்கு வயர் போதவில்லை, பிறகு ஒருநாள் என்ஜின் தடம்புரண்டால் அங்கே சூடாகி உருகும். பாயிண்டைத் தப்பாகத் திருப்பி ஒருவர் உள்ளே வந்தால் ஸ்டேஷன் மொத்தமும் நின்றுவிடுகிற கஷ்டமும் டி.சி.சி.யில் உண்டு. யார்டுக்கும் மெயின் லைனுக்கும் தனித்தனி கட்-அவுட் வைத்தபிறகு அது தீர்ந்தது.

பாயிண்ட் திருப்ப, படக்கென்று இழுக்கிற காயில் மோட்டாரா, மெல்லச் சுழல்கிற சர்வோ மோட்டாரா என்றால் சர்வோ. விலை குறைவு, மெதுவாகத் திரும்பும், நிஜப் பாயிண்ட் மாதிரியே இருக்கும்.

டெல்டாவுக்கு என்றே தனியாக அலச வேண்டியது, தண்டவாளம் போடுகிற அடிப்பலகை. வெளிநாட்டு வீடியோக்களில் ஃபோம் பலகையைப் புகழ்வார்கள். லேசானது, வெட்டச் சுலபம், ஈரத்துக்கு ஊறாது, எல்லாம் உண்மை. ஆனால் எங்கள் வீட்டில் எறும்பு அதைக் குடைந்து கூடு கட்டியது. பிளைவுட் கனம், ஆனால் சால்டரிங் சூட்டுக்கும் ஆணிக்கும் தாங்கும். முதல் தடவை சாதா கமர்ஷியல் பிளைவுட் போட்டேன். ஐப்பசி அடைமழையில் பத்து நாள் ஜன்னலைத் திறக்கவில்லை. பதினோராவது நாள் வண்டியை விட்டால் இரண்டு பலகை சேருமிடத்தில் ஒரே இடத்தில் ஒவ்வொரு பெட்டியும் இறங்குகிறது. குனிந்து கண்ணைத் தண்டவாள மட்டத்துக்கு வைத்துப் பார்த்தேன். ஒரு பலகையின் விளிம்பு ஊறி, நகக்கனம் உயர்ந்திருந்தது. என்-ஸ்கேலுக்கு அந்த நகக்கனம் மலை. எச்.ஓ.வாக இருந்தால் பாதிப் பெட்டிகளாவது தாண்டியிருக்கும். இரண்டாவது தடவை தண்ணீர் தாங்குகிற 710 கிரேடு பிளைவுட், விளிம்பெல்லாம் வார்னிஷ், கீழே ரெட் ஆக்சைடு அடித்த இரும்புச் சதுரக்குழாய்ச் சட்டம். கரையான் சுவரிலிருந்து தாவாதபடி நாலு விரல் தள்ளி நிறுத்தியிருக்கிறோம்.

இதே ஈரம்தான் தண்டவாளத்தையும் கருக்க வைக்கிறது. பித்தளைத் தண்டவாளம் மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம், நிக்கல் சில்வர் போடுங்கள். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பனியன் துணியால் துடைத்தால் இரண்டு கறுப்புக் கோடு விழும். அந்தக் கோடு வராத வரை துடைக்க வேண்டியதில்லை. என்-ஸ்கேல் என்ஜின் எடை குறைவு என்பதால் அழுக்குக்கு உடனே விக்கும். மழை மாதங்களில் அதை ஓட்ட நான் பட்ட பாடு எச்.ஓ.வில் இல்லை.

ஜல்லிக்குப் பாக்கெட்டில் விற்பதா, காவிரி மணலா? மணலைச் சலித்துப் போடலாம், நிறமும் யார்டுக்குப் பொருந்துகிறது. ஆனால் போடும்முன் காந்தத்தை பிளாஸ்டிக் கவரில் சுற்றி மணலுக்கு மேல் இழுங்கள். கறுப்பாக மயிர் மாதிரி ஒட்டிக்கொண்டு வரும் இரும்பு மணல். அதை எடுக்காமல் ஒட்டினால் என்ஜின் மோட்டாரின் காந்தம் அதை ஒவ்வொன்றாக உள்ளே இழுத்துக்கொள்ளும். எட்டு முறை இழுத்தேன், ஒன்பதாவது முறைதான் கவர் சுத்தமாக வந்தது.

ஓட்டுவதில் இரண்டு முறை இருக்கிறது. வேகக் கடிகாரம் வைத்து, ஒரு மணி நேரத்தைப் பத்து நிமிடமாக்கி, டைம்டேபிள் பிடிப்பது ஒன்று. மணி பார்க்காமல், அட்டையில் வேலைகளை வரிசையாக எழுதி, ஒன்று முடிந்தால் அடுத்தது என்று போவது இன்னொன்று. கடிகாரம் வைத்தால் பரபரப்பு உண்டு, நாலைந்து பேர் பழகியவர்களாக இருந்தால் பிரமாதமாக இருக்கும். எங்கள் மூன்று பேருக்கு அட்டைதான் ஒத்துவருகிறது. காபி குடிக்க நிறுத்தலாம், கரண்ட் போனாலும் வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். மாமா இரண்டு பக்கமும் லைன் கிளியர், அதாவது அடுத்த ஸ்டேஷனின் அனுமதி, கேட்டு, அதற்கு அடையாளமான பிரைவேட் நம்பர் வாங்கி, நோட்டில் எழுதித்தான் சிக்னல் கொடுப்பார். கேட் மூடவில்லை என்றால் சிக்னல் விழாதபடி மச்சான் சர்க்யூட்டில் கட்டியிருக்கிறான்.

போன ஞாயிற்றுக்கிழமை 17-வது அட்டை: மன்னார்குடி வண்டி உள்ளே வருகிறது, என்ஜின் மாற்ற வேண்டும், பக்கத்து லைனான லூப்பில் நெல் வேகன்கள் நிற்கின்றன. லூப் காலியானால்தான் என்ஜின் சுற்றிப் போக வழி. வேகன்களை யார்டுக்குத் தள்ளக் கேட் மூடியாக வேண்டும். மாமா கேட்டை மூடிவிட்டு, வரிசையில் நிற்கிற பொம்மை பஸ்களைப் பார்த்து, "ரெண்டே நிமிஷம்பா" என்றார்.