மக்கும் குப்பை: தொட்டி உரமா, எரிவாயுவா, மண்புழுவா, ஈப்புழுவா?

ஒரு லட்சம் பேர் வாழும் நகராட்சி. ஆளுக்கு நாளொன்றுக்கு 400 கிராம் என்று வைத்தால் 40 டன் குப்பை, அதில் பாதி மக்கும் குப்பை. இந்த 20 டன்னை என்ன செய்வது என்பதற்கு இன்று நான்கு வழிகள் நகராட்சிகளின் வாசலில் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றையும் விற்க வருபவர் தன்னுடையதே மற்ற மூன்றையும் தேவையற்றதாக்கிவிடும் என்பார். மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று வீட்டு வாசலிலேயே பிரித்து வாங்காத ஊரில் நான்குமே தோற்கும் என்பதை முதலிலேயே சொல்லிவிடலாம். இந்த அலசல் பிரித்து வாங்கும் ஊருக்கு.

காய்கறிச் சந்தைக் கழிவில் சுமார் 85 சதவீதம் தண்ணீர். வீட்டுச் சமையலறைக் கழிவில் 75. ஆகவே எந்த முறையானாலும் "அந்தத் தண்ணீர் எங்கே போகிறது?" என்று கேட்டால் அதன் குணம் பாதி தெரிந்துவிடும்.

தொட்டி உரம்

கழிவைத் தொட்டியில் நிரப்பி மக்கவைத்து உரமாக்குவது. தமிழ்நாட்டு நகராட்சிகள் நுண் உர மையம் என்று நடத்துவது இதைத்தான். இங்கே தண்ணீர் சூட்டில் ஆவியாகிப் போக வேண்டும். அதற்குக் காற்று உள்ளே போக வேண்டும், காற்று போக இடைவெளி வேண்டும், இடைவெளி தருவது காய்ந்த இலை. கலவையின் ஈரம் 60 சதவீதத்தைத் தாண்டினால் இடுக்குகளில் தண்ணீர் நின்று காற்று அடைபடும். அப்புறம் அது உரத் தொட்டி இல்லை, சாக்கடை.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 75 சதவீத ஈரமுள்ள 1 டன் வீட்டுக் கழிவை 60 சதவீதத்துக்குக் கொண்டுவர, 12 சதவீத ஈரமுள்ள சருகு சுமார் 310 கிலோ வேண்டும். சந்தைக் கழிவென்றால் 520 கிலோ. 20 டன்னுக்கு நாள்தோறும் 6 டன் சருகு எந்த ஊரிலும் கிடைக்காது. பெரும்பாலான திட்ட அறிக்கைகளில் இந்த வரி இருப்பதே இல்லை. நாற்றமெடுத்து மூடப்பட்ட மையங்களில் பலவற்றின் கதை இங்கேதான் தொடங்குகிறது.

தப்பிக்க வழி உண்டு: முதிர்ந்த உரத்தையே திரும்பக் கலப்பது. 30 சதவீத ஈரத்தில் இருக்கும் பழைய உரம் 340 கிலோவும் சருகு 100 கிலோவும் சேர்த்தால் 1 டன் வீட்டுக் கழிவு அதே 60 சதவீதத்துக்கு வந்துவிடும். அந்த உரம் தொட்டிக்கும் குவியலுக்கும் இடையே சுற்றிக்கொண்டே இருக்கும். அதிலேயே நுண்ணுயிர்களும் இருப்பதால் பாட்டிலில் விற்கும் கரைசல்களுக்குச் செலவழிக்கத் தேவையில்லை. தொடக்கத்தில், கையில் பழைய உரம் இல்லாதபோது, சாணிக் கரைசல் போதும்.

செய்முறை இப்படி. கழிவை ஓர் இரவு சாய்தளத்தில் கொட்டி நீர் வடியவிட வேண்டும். பிறகு 1 முதல் 2 அங்குலத் துண்டுகளாக நறுக்க வேண்டும். கூழாக அரைத்தால் காற்றிடம் போய்விடும். வேகமாக மக்கும் என்று நினைத்து நைய அரைப்பதே அடிக்கடி நடக்கும் தவறு. தொட்டியின் அடியில் அரை அடிக்குச் சுள்ளியும் சருகும், அதன்மேல் கலவை, எல்லாவற்றுக்கும் மேலே பழைய உரத்தால் ஒரு மூடல். இரண்டு மூன்று நாளில் நடுப்பகுதி 55 டிகிரியைத் தாண்ட வேண்டும். அந்தச் சூட்டில் மூன்று நாளாவது இருந்தால்தான் நோய்க்கிருமிகளும் களை விதைகளும் சாகும். வாரம் ஒருமுறை புரட்ட வேண்டும்.

சூடு ஏறவில்லையா? ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழியுங்கள். ஓரிரு சொட்டு வந்தால் சரி, விரலிடுக்கில் வழிந்தால் ஈரம் அதிகம், கையைத் திறந்ததும் உதிர்ந்தால் தண்ணீர் தெளிக்க வேண்டும். அழுகிய முட்டை வாடை அடித்தால் காற்றில்லை என்று பொருள், உடனே புரட்ட வேண்டும். மூக்கைக் குத்தும் அமோனியா வாடை என்றால் தழைச்சத்து மிகுந்துவிட்டது, சருகு சேர்க்க வேண்டும். மேலே புழு நெளிந்தால் மூடல் மெல்லியதாக இருக்கிறது.

எத்தனை தொட்டி வேண்டும் என்பதிலும் சறுக்கல் நிறைய. 1 டன் கழிவும் அதனுடன் சேர்பவையுமாக நாளுக்கு 2.5 கன மீட்டர். தொட்டியில் 15 நாள் இருக்க வேண்டுமென்றால் சுமார் 38 கன மீட்டர். 3 மீட்டர் நீளம், 1.5 மீட்டர் அகலம், 1.2 மீட்டர் உயரமுள்ள தொட்டி என்றால் ஏழெட்டு. 5 டன் மையத்துக்கு 35 தொட்டி. இதைவிடக் குறைவாகக் கட்டினால் பத்தாம் நாளே பாதி வெந்ததை வெளியே அள்ள வேண்டிவரும். அதற்குப் பிறகு ஒரு மாதம் கூரையின் கீழ் 1.2 மீட்டர் உயரக் குவியலாக முதிர வேண்டும்.

இதே முறைக்குக் கேரளத்தில் வேறொரு வடிவம் இருக்கிறது. ஆலப்புழை நகராட்சி தன் குப்பையைக் கொண்டுபோய்க் கொட்டிவந்த இடம் சர்வோதயபுரம். 2012-இல் அவ்வூர் மக்கள் நகராட்சியின் குப்பை லாரிகளை மறித்தார்கள். வேறு போக்கில்லாத நகராட்சி குப்பையை வீடுகளிலும் வார்டுகளிலுமே முடிக்கத் தொடங்கியது. வீடுகளில் குழாய்க்குள் கழிவைப் போட்டு மக்கவைக்கும் குழாய் உரமும் சிறு எரிவாயுக் கலன்களும், தெருமுனைகளில் தும்பூர்முழி தொட்டிகளும் வந்தன. 2017-இல் ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு பாராட்டிய ஐந்து நகரங்களில் ஆலப்புழையும் ஒன்று.

கேரள கால்நடைப் பல்கலைக்கழகத்தில் உருவான தும்பூர்முழி தொட்டி நான்கு பக்கமும் 4 அடி, சுவர்களில் இடைவெளி விட்டது. சாணம், சருகு, கழிவு என்று மாற்றி மாற்றி அடுக்கி நிரப்பிவிட்டால் புரட்டவே வேண்டாம், 90 நாளில் உரம். மீன், கோழிக் கழிவையும் நடுவில் புதைக்கலாம். நம் நுண் உர மையத்தோடு ஒப்பிட்டால் வேறுபாடு ஒன்றுதான்: அது நாளையும் இடத்தையும் கூடுதலாக எடுத்துக்கொண்டு ஆள்வேலையையும் மின்சாரத்தையும் மிச்சப்படுத்துகிறது. வார்டுக்குள் 200 சதுர அடி இடம் கிடைத்தால் தும்பூர்முழி, ஊருக்கு வெளியே ஒரே இடம்தான் என்றால் இயந்திரமும் புரட்டலும்.

எரிவாயு

இங்கே தண்ணீர் போவதில்லை, கூடுகிறது. 1 டன் உணவுக் கழிவுக்கு ஏறக்குறைய 1 டன் தண்ணீர் சேர்த்துக் கரைத்து, காற்றுப் புகாத கலனில் ஊற்ற வேண்டும். கிடைப்பது 80 முதல் 100 கன மீட்டர் வாயு. ஒரு கன மீட்டரைச் சுமார் 0.45 கிலோ சமையல் எரிவாயுவுக்கு ஈடாகக் கொண்டால் நாளுக்கு 19 கிலோ வணிக சிலிண்டர் இரண்டு. நல்ல வரவுதான். ஆனால் மறுபக்கம் தினமும் 1.9 டன் கசடுநீர் வெளியே வரும். பக்கத்தில் தோப்போ வயலோ இல்லாத இடத்தில் அது சாக்கடைக்கே போகும். அப்படிப் போனால் குப்பைப் பிரச்சினையைக் கழிவுநீர்ப் பிரச்சினையாக மாற்றியதுதான் மிச்சம்.

சந்தைக் கழிவில் தண்ணீர் மிகுதி என்பதால் வாயு பாதியாகக் குறையும். எலுமிச்சை, ஆரஞ்சுத் தோல் அளவு மீறினால் அதிலுள்ள எண்ணெய் மீத்தேன் நுண்ணுயிர்களைக் கொல்லும். வாழையிலை, வாழைத்தண்டு நார் கலக்கியில் சுற்றிக்கொள்ளும், மேலே ஆடையாகத் திரண்டு வாயுவை அடைக்கும். எலும்பும் மணலும் அடியில் படிந்து இரண்டு மூன்று ஆண்டில் கலனின் கொள்ளளவைத் தின்றுவிடும்.

இதைவிடப் பெரிய சிக்கல் தீனியின் ஏற்ற இறக்கம். கல்யாண மண்டபங்களை நம்பி வைத்த கலன் ஆடியிலும் மார்கழியிலும் பட்டினி கிடக்கும், தை முகூர்த்த நாளில் ஐந்து மடங்கு தின்னும். அமிலம் உண்டாக்கும் நுண்ணுயிர்கள் வேகமானவை, அதை மீத்தேனாக்குபவை மெதுவானவை. திடீரென்று தீனி கூடினால் அமிலம் தேங்கும். கார அமில அளவு (pH) 6.5-க்குக் கீழே இறங்கும், வாயு எரியாமல் அடுப்பு அணையும். அந்த நேரத்தில் வாயு வரவில்லையே என்று இன்னும் தீனி போடுவார்கள். செய்ய வேண்டியது நேர்மாறு: நாலைந்து நாள் தீனியை நிறுத்தி, சாணிக் கரைசலும் கொஞ்சம் சுண்ணாம்புத் தெளிவும் ஊற்றிக் காத்திருக்க வேண்டும்.

வாயுவில் மின்சாரம் எடுக்கும் திட்டம் சிறு நகரத்துக்கு வேண்டாம் என்பது நம் கருத்து. கந்தக வாயுவை லேத் பட்டறை இரும்புத் துருவல் நிரப்பிய வடிகட்டியில் பிடிக்காவிட்டால் என்ஜின் அரித்துப்போகும். அந்தத் துருவலைக் காலத்தில் மாற்ற யாருக்கும் நினைவிருப்பதில்லை. 1 டன்னுக்கு 130 யூனிட் கிடைத்தால் அதில் ஒரு பங்கை அரவை இயந்திரமும் பம்பும் எடுத்துக்கொள்ளும். அடுப்புக்கு நேராகக் குழாய் போவதே சிக்கனம். அதாவது அம்மா உணவகம், விடுதி, பெரிய ஓட்டல் இவற்றின் கொல்லையில், அங்கேயே விழும் சோற்றுக்கும் சாம்பாருக்கும். நாளுக்கு 100 கிலோவுக்கு மேல் கழிவு தருபவர்களை மொத்தக் கழிவாளர்களாக 2016-ஆம் ஆண்டு திடக்கழிவு மேலாண்மை விதிகளே தனியாகப் பிரித்துவிட்டன. அவர்கள் தலையில் இந்தப் பொறுப்பை வைப்பதற்கு நகராட்சிக்குப் பிடிமானம் இருக்கிறது.

மண்புழு

பெயருக்கு மதிப்பு அதிகம், உரத்துக்கு விலையும் அதிகம். ஆனால் புழு தன் எடையில் பாதியளவுதான் ஒரு நாளில் தின்னும். 1 டன்னுக்கு 2 டன் புழு, எண்ணிக்கையில் சுமார் 20 லட்சம். புழு வளரும் படுக்கை 35 டிகிரியைத் தாண்டினால் புழு ஓடிவிடும் அல்லது சாகும். வேலூர், திருச்சி சித்திரை வெயிலில் தகரக் கூரையின் கீழ் இது ஒரே மதியத்தில் நடக்கும். உப்பு, எண்ணெய், மிளகாய், புளிப்பு எதுவும் ஆகாது, ஆக வீட்டுக் கழிவு அப்படியே ஆகாது. பச்சைக் கழிவைப் போட்டால் அது மக்கும் சூட்டிலேயே புழு வெந்துபோகும்.

தொட்டியில் 15, 20 நாள் மக்கிச் சூடு அடங்கிய சந்தைக் கழிவையும் பூங்கா இலையையும் 1 மீட்டர் அகலம், 45 செ.மீ. உயரப் படுக்கையில் போட்டு, நனைத்த சாக்கால் மூடி, எறும்பு ஏறாமல் சுற்றிலும் நீர்வாய்க்கால் விட்டால் நன்றாக வரும். நகராட்சி நாற்றங்காலுக்கு அரை டன், ஒரு டன் அளவில் சரி. ஊர்க் குப்பைக்கு விடையாக இதைக் காட்டினால் நம்ப வேண்டாம்.

ஈப்புழு

நான்கில் புதியது. கறுப்புச் சிப்பாய் ஈ என்பதன் புழு சோறு, எண்ணெய், மீன் குடல், கோழிக் கழிவு எதையும் தின்னும். 70, 80 சதவீத ஈரமே அதற்குப் பிடித்தம் என்பதால் சருகுப் பஞ்சம் இல்லை. 12 முதல் 15 நாளில் 1 டன் கழிவு 150, 200 கிலோ புழுவாகிறது. தட்டில் தீனியை 10 செ.மீ.-க்கு மேல் கொட்டினால் தன் சூட்டிலேயே தவித்து வெளியேறும்.

தொல்லை முட்டையில். ஈக்கள் இணைசேர வெயில் வேண்டும், கூண்டு வேண்டும். மழைமேகம் நாலு நாள் மூடினால் முட்டை குறையும், அடுத்த வாரம் தின்ன ஆளில்லாமல் கழிவு தேங்கும். விற்பனையும் யோசித்துச் செய்ய வேண்டியது. 1 டன்னிலிருந்து உலர்ந்த புழு 50, 60 கிலோதான். நாமக்கல் பண்ணைகளுக்குத் தீவனம் ஒரே தரத்தில் டன் கணக்கில் வேண்டும், அங்கே இது எடுபடாது. பக்கத்து மீன் குட்டையும் நாட்டுக்கோழி வளர்ப்பவருமே வாங்குபவர்கள். பேட்டரி, பெயின்ட் கலந்த குப்பையானால் காட்மியம் புழுவில் சேரும், அதைத் தீவனமாக்கக் கூடாது. மிஞ்சும் எச்சமும் உரமல்ல, தொட்டியில் இன்னும் மூன்று வாரம் கிடக்க வேண்டும். மீன் சந்தையும் இறைச்சிக் கடைகளும் நிறைய உள்ள ஊரில் அந்தக் கழிவுக்கு மட்டும் இது நல்ல துணை.

20 டன்னைப் பங்கிட்டால்

ஓட்டல், விடுதி, மண்டபக் கழிவு ஒரு 3 டன் அவரவர் இடத்திலேயே முடியட்டும், எரிவாயுவோ தொட்டியோ அவர்கள் விருப்பம். இறைச்சி, மீன் கழிவு ஒரு டன் ஈப்புழுவுக்கு, கொள்முதல் செய்ய ஆள் உறுதியானால் மட்டும். இல்லையென்றால் தும்பூர்முழி. மீதி 16 டன் நாலைந்து இடங்களில் தொட்டி உரம். இளநீர் மட்டையை இதில் சேர்க்காமல் தனியாக வைக்க வேண்டும், சாதாரண அரவை இயந்திரத்தின் கத்தியை அது ஒரே வாரத்தில் மழுக்கிவிடும்.

உரத்தை விற்பதானால் உரக் கட்டுப்பாட்டு ஆணையின் அளவுகளைப் பார்க்க வேண்டும்: 4 மி.மீ. சல்லடையில் 90 சதவீதம் இறங்க வேண்டும், கார்பன் நைட்ரஜன் விகிதம் 20-க்குக் கீழ், உப்பைக் காட்டும் மின்கடத்து அளவு 4-ஐத் தாண்டக் கூடாது. ஓட்டல் கழிவு அதிகம் சேர்ந்தால் உரம் இந்தக் கடைசி அளவில் மாட்டிக்கொள்ளும். முதிர்ந்ததா என்று பார்க்க, ஈரமான உரத்தைப் பாலித்தீன் பையில் மூன்று நாள் கட்டி வைத்துத் திறந்து மோந்தால் போதும். மண்வாசனை வந்தால் மூட்டை கட்டலாம்.

தொட்டி கட்டும் முன் கட்ட வேண்டியது சருகுக் கொட்டகை. இலை உதிர்வது மாசி, பங்குனியில். அது அதிகம் தேவைப்படுவது ஐப்பசி, கார்த்திகை அடைமழையில். எட்டு மாதம் நனையாமல் வைத்திருக்க வேண்டும். சருகை நறுக்கி வைத்தால் அது பிடிக்கும் இடம் பாதியைவிடவும் குறையும். அந்தக் கொட்டகை எழும்பும் வரையாவது தெருவோரம் கூட்டிக் குவித்த இலைக்குத் தீ வைப்பதை நிறுத்தச் சொல்லி ஒரு சுற்றறிக்கை போகட்டும்.