வேர்க்கடலையா, பாதாமா?

இதயத்துக்கு நல்லது என்றாலே பாதாம்தான் என்று நினைத்து, விலையைக் கேட்டதும் பேசாமல் விட்டுவிடுகிறவர்கள் நிறைய பேர். எனக்கு அதில்தான் வருத்தம்.

100 கிராமுக்கு வேர்க்கடலை, பாதாம் இரண்டிலும் கொழுப்பு ஏறக்குறைய 50 கிராம், அதில் பெரும்பகுதி கெட்ட கொலஸ்ட்ராலைக் குறைக்க உதவும் நிறைவுறாக் கொழுப்பு. புரதத்தில் கடலை முந்துகிறது: சுமார் 26 கிராம், பாதாமில் 21. நார்ச்சத்தும் வைட்டமின் ஈயும் பாதாமில் அதிகம், கெட்ட கொலஸ்ட்ராலைக் கூட்டும் நிறைவுற்ற கொழுப்பு குறைவு. சத்துக் கணக்கில் பாதாம் ஒரு படி மேல்தான், சரி.

ஆனால் தினமும் விடாமல் சாப்பிட்டால்தானே பலன்? இதய நோயைத் தடுக்கும் உணவு பற்றி ஸ்பெயினில் நடந்த பிரெடிமெட் என்ற ஆய்வில் வால்நட், பாதாம், ஹேசல்நட் கலந்து கொடுத்ததும் தினம் 30 கிராம்தான், ஒரு கைப்பிடி. நாலு பேர் இருக்கிற வீட்டில் அந்த அளவுக்குப் பாதாம் வாங்கிக் கட்டுப்படியாகாது, கடலை என்றால் தாராளமாக முடியும்.

கடலையில் பார்க்க வேண்டியது பக்குவம். மாவில் புரட்டி எண்ணெயில் பொரித்த மசாலா கடலையில் உப்பு ஏகத்துக்கு இருக்கும், ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு அது வேண்டவே வேண்டாம். தோலோடு அவித்தது அல்லது மணலில் வறுத்தது போதும். சுருங்கிக் கறுத்த பருப்பு, வாயில் கசக்கிற பருப்பு இருந்தால் துப்பிவிடுங்கள், பூஞ்சை பிடித்ததில் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு இருக்கலாம், அது ஈரலைக் கெடுக்கும்.

என் ஓட்டு கடலைக்குத்தான். வசதி இருந்தால் கூடவே நாலைந்து பாதாமும் சேர்த்துக்கொள்ளுங்கள்.