மூன்று புள்ளி எட்டு

இந்த ஆடியில் மதுரை ஸ்கேன் சென்டர் படிக்கட்டில் நான் உட்கார்ந்திருந்த நேரத்துக்கு அழகர்கோயிலுக்கு நடந்தே போய்விட்டு வந்திருக்கலாம்.

பையனுக்குப் பதினைந்து வயது. நெஞ்சின் நடுவில் பிறவியிலேயே பள்ளம், வளர வளர ஆழமாகிவிட்டது. "ஆழாக்கு அரிசி கொட்டலாம்டா" என்பார் அப்பத்தா. நாங்கள் இருக்கும் இங்கிலாந்தின் அரசு மருத்துவ சேவையான என்ஹெச்எஸ், பள்ளத்தைச் சரிசெய்யும் ஆபரேஷனை 2019ல் வழக்கமான சிகிச்சைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது, பிறகு மிகக் கடுமையானவர்களுக்கு மட்டும் என்றார்கள். சரி, ஊருக்கே போவோம் என்று கிளம்பினோம்.

டாக்டர் கேட்டது ஒரே ஒரு எண், ஹாலர் இன்டெக்ஸ். பள்ளம் அதிகமுள்ள இடத்தில் நெஞ்சுக்கூட்டின் உள் அகலத்தை, மார்பெலும்புக்கும் முதுகெலும்புக்கும் உள்ள இடைவெளியால் வகுக்க வேண்டும். சாதாரணமாக 2.5 வரும். 3.25ஐத் தாண்டினால் ஆபரேஷன் பற்றி யோசிப்பார்கள்.

ரிப்போர்ட்டில் நுரையீரல் நன்றாக இருக்கிறது என்று முக்கால் பக்கம் எழுதியிருந்தார்கள். எண் மட்டும் இல்லை.

"டாக்டர் எழுதிக் கேட்டாத்தான் சார் போடுவாங்க."

"எழுதித்தாம்மா இருக்கார், பாருங்க."

"அப்போ புது டோக்கன் எடுங்க."

எடுத்தேன். சர்வர் டவுன், அப்புறம் சாப்பாட்டு நேரம், அப்புறம் கையெழுத்துப் போடுபவர் கிளம்பிவிட்டார். லண்டனில் ஸ்கேனுக்கே மாதக்கணக்கில் காத்திருப்போம், இங்கே காலையில் கேட்டு மதியம் எடுத்துவிட்டார்கள். ஆனால் அங்கே கேட்ட எண் ரிப்போர்ட்டில் இருக்கும்! மூன்றாம் நாளும் அதே படிக்கட்டு.

கடைசியில் பிலிம் கவரை மஞ்சப்பையில் சுருட்டிக்கொண்டு டாக்டரிடமே போனேன். அவர் பிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, பள்ளம் அதிகமுள்ள படத்தைத் தேடி, மேஜையிலிருந்த பள்ளிக்கூட ஸ்கேலை வைத்தார். "படம் சின்னதாச்சே, அளவு சரியா வருமா சார்?" என்றேன். "ரெண்டும் சேர்ந்துதானே சின்னதாகுது, விகிதம் எப்படி மாறும்?" 11.4, 3.0. பேனாவால் பிலிம் ஓரத்திலேயே எழுதினார்: 3.8.

இதற்கா மூன்று நாள்?

இதயத்துக்கு எக்கோ, மார்ஃபான் என்ற மரபணு சார்ந்த இணைப்புத்திசுக் குறைபாடு உண்டா என்ற பரிசோதனை, உள்ளே வைக்கும் உலோகம் ஒத்துக்கொள்ளுமா என்று நிக்கல் அலர்ஜி டெஸ்ட் எல்லாம் ஒழுங்காக நடந்தன. ஆபரேஷனும்தான். அமெரிக்காவின் நார்ஃபோக்கில் டொனால்டு நஸ் 1987ல் தொடங்கிய முறை: இரண்டு பக்கமும் சின்னத் துளை, கேமரா பார்த்துக்கொண்டே மார்பெலும்புக்குப் பின்னால் வளைந்த உலோகப் பட்டையை நுழைத்துத் திருப்பினால் பள்ளம் மேலே எழும்பிவிடும். குருத்தெலும்பை வெட்டுகிற பழைய ராவிச் முறை இல்லை. வலி மட்டும் முதல் வாரம் பையனைப் படுத்தி எடுத்தது. ஆடியில் கத்தி வைத்ததால்தான் என்றார் அப்பத்தா. பட்டையை எடுக்க மூன்று வருடம் கழித்து மறுபடி ஊருக்கு வர வேண்டும்.

லண்டன் வந்து ஒன்பது நாள் ஆனது. விடிகாலை நாலு மணிக்கு போன்.

"சார், நீங்க கேட்ட ரிப்போர்ட் ரெடி. டோக்கனை மட்டும் மறக்காம எடுத்துட்டு வந்துடுங்க."