ஜிம்னிக்கு 2 இன்ச் லிஃப்ட், 235 டயர்: காசுக்குத் தகுமா?

மாருதி சுசுகியின் சின்ன 4x4 வண்டியான ஜிம்னியில், உயரத்தைக் கூட்டும் 2 இன்ச் லிஃப்ட் கிட்டும், 195/80 ஆர்15 இருந்த இடத்தில் 235/75 ஆர்15 டயரும் போட்டாச்சு. கிட்டில் வரும் ஸ்பிரிங் பாடியைத்தான் தூக்கும், இரு பக்கச் சக்கரங்களையும் இணைக்கும் ஆக்சில் பழைய உயரத்திலேயே இருக்கும். ஆக்சிலில் இருக்கும் டிஃபரன்ஷியல் (சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பிரித்துத் தரும் கியர் அமைப்பு) கல்லில் இடிக்காமல் தப்பிப்பது டயர் தரும் கூடுதல் 20 மில்லிமீட்டரால்தான், விற்கிறவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள். பாறைப் பாதையில் வண்டி அருமை. ஆனால் நெடுஞ்சாலையில் ஸ்டியரிங் அலைபாய்ந்தது, ஏனென்றால் உயரம் கூடினால் காஸ்டர் கோணம் (வண்டியை நேராக ஓட வைக்கும், ஸ்டியரிங் அச்சின் பின்சாய்வு) குறையும், அதைச் சரிசெய்யும் புஷ் (இணைப்பில் மாட்டும் வளையம்) பற்றி மாட்டிய கடைக்காரர் வாயே திறக்கவில்லை. வேறு இடத்தில் அதைப் போட்ட பிறகுதான் நேராக ஓடுகிறது. பெரிய டயரால் 1.5 லிட்டர் எஞ்சின் மேட்டில் கொஞ்சம் திணறுகிறது, ஸ்பீடோமீட்டர் வேறு முன்பைவிட சுமார் 6 சதவீதம் குறைவாகக் காட்டும். வெறும் மண் சாலைக்கு என்றால் 215/75 டயரே போதும், லிஃப்ட் செலவே வேண்டாம்.